ரேஸ் பண்ணினால் 15.9 வோல்ட்: ரெகுலேட்டர் மாற்றியும் சரியாகவில்லை, உதவுங்கள்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 1980களின் பெட்ரோல் கார், அப்பா ஓட்டியது. ஆல்டர்னேட்டரும் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது) அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் தனித்தனி. ஐடிலில் பேட்டரியில் 14 வோல்ட். ரேஸ் பண்ணினால் 15.9 வரை ஏறுகிறது. டிஸ்டில்ட் வாட்டர் சீக்கிரம் வற்றுகிறது, பானட்டைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். புது ரெகுலேட்டர் போட்டும் அதே கதை. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?

பதில் 1:
இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது.

பதில் 2:
தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் வோல்டேஜ் ஒரு நொடியில் பல மடங்கு எகிறும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் போய்விடும்.

ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கவும் வேண்டாம். அது தானாக அதிகம் கொடுக்காது. நடுவில் சுற்றும் ரோட்டரின் ஃபீல்டு காயிலுக்குக் கார்பன் பிரஷ் வழியாகப் போகும் கரண்ட் கூடினால் காந்தம் வலுக்கும், வோல்டேஜ் ஏறும். ரெகுலேட்டரின் வேலை அந்த ஃபீல்டு கரண்டைக் கூட்டிக் குறைப்பதுதான். 14.4 வோல்ட்டைத் தாண்டினால் குறைக்கும், இறங்கினால் கூட்டும்.

ஆனால் அது பேட்டரியை நேரடியாகப் பார்ப்பதில்லை. உங்கள் மாதிரி வண்டிகளில் சாவி சுவிட்ச், ஃபியூஸ் வழியாக வரும் ஒயரில் இருக்கும் வோல்டேஜைத்தான் பார்க்கிறது. அந்த வழியில் எங்காவது துருவேறி 1.5 வோல்ட் விழுந்தால், பேட்டரியில் 15.9 இருக்கும்போது அதற்கு 14.4தான் தெரியும். அது சரியாகத்தான் வேலை செய்கிறது, கிடைக்கும் தகவல்தான் தப்பு.

இன்ஜின் ஓடட்டும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பு முனையை ரெகுலேட்டரின் இக்னிஷன் டெர்மினலிலும் வையுங்கள். 0.2க்கு மேல் காட்டினால் அந்த ஒயரைப் பின்தொடருங்கள். அப்புறம் ரெகுலேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவிலும் அளங்கள். எர்த் சரியில்லை என்றாலும் இதே கோளாறு வரும்.

கேட்டவர்:
அண்ணா, பாசிட்டிவ் பக்கம் 1.4 காட்டியது! எர்த் சுத்தம். ஃபியூஸ் பாக்ஸில் ஒரு கிளிப் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிளிப்பை இறுக்கிப் புது ஃபியூஸ் போட்டேன். இப்போது ரேஸ் பண்ணினாலும் 14.5தான். ஆல்டர்னேட்டர் செலவு மிச்சம், ரொம்ப நன்றி. பேட்டரி தப்பிக்குமா?

பதில் 2:
தண்ணீரை அளவுக்கு நிரப்பி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சில மணி நேரம் கழித்து ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஆறு செல்லையும் பாருங்கள். எல்லாம் 1.26ஐ ஒட்டி இருந்தால் கவலை வேண்டாம். ஒரு செல் மட்டும் 0.05 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் புது பேட்டரி வாங்குவதே நல்லது.