போர்ச் செய்திகளுக்கு நடுவே வெளிப்படுத்தின விசேஷம்: எங்கே தொடங்குவது?

வேதமாணவன்: ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்தில் நான்கு வாரம் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் நடத்துகிறேன். எல்லாரும் "666 எந்தத் தலைவர்?" என்றே கேட்கிறார்கள். தேவனுடைய இறுதி வெற்றியை எப்படிச் சொல்வது?

பத்முவாசி: பிரதர், மிருகத்தின் எண்ணாக 666 வரும் 13ஆம் அதிகாரத்தில் தொடங்காதீர்கள், வகுப்பு அங்கேதான் தடம் புரளும். முதல் வாரம் 1-3: ஏழு சபைகள், ரோம ஆட்சி. அடுத்த வாரம் 5ஆம் அதிகாரம் மட்டும். தரிசனம் கண்டு எழுதிய யோவானின் காதில் விழுவது "சிங்கம் ஜெயித்தது". கண்ணில் படுவதோ அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி, அதாவது சிலுவையில் மரித்த இயேசு. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது 6, 13. கடைசியில் 19, 21. 19:15இல் பட்டயம் வாயிலிருந்து வருகிறது, கையில் இல்லை. அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

வேதமாணவன்: ஜெயித்தாயிற்று என்றால் குண்டு ஏன் இன்னும் விழுகிறது?

மூன்றாம்மணி: இறையியலாளர் ஆஸ்கர் குல்மானின் உவமை உதவும்: தீர்மானிக்கும் போர் ஒன்று, வெற்றி நாள் வேறு. சிலுவையும் உயிர்த்தெழுதலும் முதலாவது, கிறிஸ்துவின் வருகை இரண்டாவது. நார்மண்டி தரையிறக்கம் 1944 ஜூன் 6. ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது 1945 மே 8. இடைப்பட்ட 11 மாதமும் சாவு நிற்கவில்லை. ஒரு சிக்கல்: கேட்பவர்கள் தங்கள் நாட்டுப் படையையே ஆட்டுக்குட்டியின் சேனையாக்கிவிடுவார்கள். அங்கேயே தடுங்கள்.

பத்முவாசி: வகுப்பில் துக்கத்தில் இருப்பவர் இருந்தால் கண்ணீர் யாவும் துடைக்கப்படும் என்னும் 21:4ஐ முதலில் நீட்டவேண்டாம். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 6:10இல் எழுப்பும் "எதுவரைக்கும்" என்ற கூக்குரலை வாசித்து, பத்து நிமிடம் அமைதியாக விடுங்கள்.