துஷ்டி வீட்டுக்குப் போன ராத்திரிகள்: எங்கள் சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டத்தில் கேட்டவை

பாளையங்கோட்டையில் எங்கள் சேவைச் சங்கம் புதன்கிழமைதோறும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடும். இந்த வாரம் கண்தானம் பற்றிப் பேச ஒரு கண் டாக்டர் வருவதாக இருந்தது. ஆறரை மணிக்குப் போன் செய்தார். அவசரமாக ஒரு ஆபரேஷன், வர முடியாது என்றார். பேச்சாளர் வராத வாரங்களில் போன கூட்டத்து அறிக்கையை வாசித்து, வரவு செலவு சொல்லி, பிறந்தநாள்காரர்களுக்குக் கைதட்டி, வடையும் காபியுமாகக் கலைந்துவிடுவது வழக்கம். தலைவர் அண்ணாச்சி விடவில்லை. "டாக்டர் வரலேன்னா என்ன வே? ராத்திரி ராத்திரியா துஷ்டி வீட்டுக்குப் போனவங்க இங்கனதான உக்காந்திருக்கோம். ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார். துஷ்டி வீடு என்றால் எங்கள் பக்கத்தில் சாவு வீடு.

எட்டு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் பத்து மணி வரை போனது. ஹாலைப் பூட்ட வந்த வாட்ச்மேன் சாவியோடு நின்று பார்த்தார், பிறகு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டதை முடிந்தவரை அவரவர் பேச்சிலேயே எழுதுகிறேன். வீட்டார் பெயர், தெருப் பெயர் எதுவும் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

கண்ணை எடுப்பது நாங்கள் அல்ல. கண் வங்கியிலிருந்து அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். போன் வந்ததும் அவர்களுக்குச் சொல்வது, வழி காட்டுவது, அந்த வீட்டு வாசலில் அவர்களுக்கு முன்னால் போய் நிற்பது, இவ்வளவுதான் எங்கள் வேலை. உயிர் பிரிந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

முதலில் பாத்திரக்கடை அண்ணாச்சி பேசினார். முக்கூடல் பக்கத்தில் ஒரு ஊர்.

"ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்துச்சு. பேரன் பேசுதான். 'எங்க ஆச்சி போயிட்டாவ, கண்ணைக் குடுக்கணும்னு சொல்லியிருக்காவ'ங்கான். எத்தன மணிக்குப்பான்னேன். பத்தே காலுக்காம். ஆச்சிக்கு மேல ஓடுத ஃபேனை முதல்ல அமத்துன்னேன். கண்ணு ரெண்டையும் நல்லா மூடி விடு, சுத்தமான பஞ்சைத் தண்ணில நனைச்சு இமை மேல வையி, தலைக்கு ரெண்டு தலகாணி குடுத்து உசத்து. இறந்ததுக்கு எழுதிக் குடுக்கதுக்கு டாக்டரப் பாருன்னும் சொல்லிட்டு வண்டியை எடுத்தோம்.

போய்ச் சேரையில மணி ஒண்ணு. தார்சாவுல கிடத்தியிருக்காவ, தலமாட்டுல விளக்கு. அந்த ஆச்சி வயசுப் புள்ளையில இருந்து பீடி சுத்துனவ. பீடித்தட்டு செவத்தோரமா அப்படியே இருக்கு. வெட்டுன இலை ஈரத்துணிக்குள்ள, தூளு ஒரு பக்கம், நூல்கண்டு ஒரு பக்கம். அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் சுத்தியிருக்காவ. கண்ணாடிய அந்தத் தட்டுக்குள்ளேயே கழத்தி வச்ச மேனிக்குக் கிடக்கு.

அதைக் காட்டித்தான் மருமவ கேட்டா. 'அண்ணாச்சி, அத்தைக்குக் கண்ணாடி போட்டே சரியாத் தெரியாது. புரை ஆபரேசன் வேற பண்ணியிருக்கு. இந்தக் கண்ணு யாருக்கு ஆவும்?' கூட வந்த டெக்னீசியன் பையன் பொறுமையா சொன்னான். முழுக் கண்ணும் இன்னொருத்தருக்குப் போறதில்ல. கண்ணுக்கு முன்னால கடிகாரக் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்க தோல் மட்டும்தான் போகுது. அரை மில்லிமீட்டர் கனம், குறுக்கால 11, 12 மில்லிமீட்டர். புரை விழுறது அதுக்கு உள்ள இருக்க லென்சுல. அதனால புரை ஆபரேசன் பண்ணவங்க, கண்ணாடி போட்டவங்க, சக்கரை உள்ளவங்க எல்லாரும் குடுக்கலாம், வயசு கணக்கில்லன்னான்.

மருமவ சரின்னுட்டா. ஆச்சியோட தங்கச்சி விடல. 'கண்ணில்லாம அனுப்புனா அங்க போயி வழி தெரியாம நிப்பாளே'ன்னு ஒரே அழுகை. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. திண்ணையில தாத்தா உக்காந்திருந்தாரு, அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அங்கன இருந்தபடிக்கே சொன்னாரு: 'கரண்டு போனாலும் இருட்டுக்குள்ள இலை வெட்டுவா அவ. வழி தெரியும் அவளுக்கு.'

மகன் கையெழுத்துப் போட்டான், ரெண்டு பேரு சாட்சி. இருவது நிமிசம்தான் ஆச்சு. டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுத்தாவ. முடிஞ்சதும் அந்தத் தங்கச்சி பைய வந்து இமையத் தொட்டுப் பாத்தாவ. குழி விழுந்திருக்கும், ரத்தம் வடியும்னு நெனச்சிருக்காவ. மொகம் இருந்தது போலவே இருக்கு. அவுக வீட்டுல அடுப்பு பத்த வைக்க முடியாதுல்லா, அடுத்த வளவுல இருந்து கருப்பட்டிக் காப்பி வந்துச்சு. குடிச்சோம். துஷ்டி வீட்டுல போயிட்டு வாரோம்னு சொல்லக் கூடாது. பெட்டியத் தூக்கிக்கிட்டு சொல்லாமலே இறங்குனோம்."

தாத்தா சொன்னதை அண்ணாச்சி சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேடையில் ஒரு மணி நேரம் பேசியும் போகாத பயம் அந்த ஒரு பேச்சில் போயிருக்கிறது.

ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் சார் அடுத்து எழுந்தார். அவருக்கு வருஷம் சொல்லாமல் பேச வராது; அதற்காகவே அவர் பேச்சை நான் விரும்பிக் கேட்பேன். உலகத்தில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதரின் கருவிழியை, அதாவது அந்த டெக்னீசியன் பையன் சொன்ன தெளிவான தோலை, வைத்து அது நிலைத்தது 1905 டிசம்பர் 7 அன்று. இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலமோட்ஸ் என்ற ஊரில் டாக்டர் எட்வார்ட் சிர்ம் செய்தார். கண் இழந்தவர் ஒரு கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு நீற்றும்போது தெறித்துக் கண் போனவர். கொடுத்தது அடிபட்டு ஒரு கண்ணை எடுக்க வேண்டி வந்த 11 வயதுப் பையன். அதே 1905-ல், பிப்ரவரி 23 அன்று, சிகாகோவில் பால் ஹாரிஸ் இன்னும் மூன்று பேரோடு உட்கார்ந்து தொடங்கியதுதான் ரோட்டரி என்ற சேவைச் சங்கம். ஒருவர் ஆபீஸ் மாற்றி ஒருவர் ஆபீஸாகச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர். "நாம இன்னிக்கு வாராவாரம் கூடுறதும், இந்தக் கண் வைக்கிற வைத்தியமும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்க" என்றார்.

சுண்ணாம்பு என்றதும் ஒரு அக்கா குறுக்கிட்டு, வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், அழுத்தினால் கண்ணில் பீய்ச்சும் என்று சொன்னார். ஹெட்மாஸ்டர் சார் அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரர் என்பதையும் சார் நினைவுபடுத்தினார். 1918-ல் அவர் பிறந்தபோது அது திருநெல்வேலி ஜில்லா. மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தவர். நம் சீமைக்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா சொன்னது, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரொம்பவும் பயன்படும்.

"அழுதுட்டு இருக்கவங்ககிட்ட போயி கேக்காதீங்க. நான் ஒரு தடவ கேட்டுட்டேன். வாசல்ல வச்சே 'வெளிய போங்க'ன்னுட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, என் நேரம் தப்பு. எந்தத் துஷ்டி வீட்டுலயும் அழாம நிக்கிற ஆள் ஒருத்தர் இருப்பாரு. பந்தலுக்குச் சொல்லுவாரு, ஐஸ் பெட்டிக்குச் சொல்லுவாரு, நீர்மாலைக்கு யார் யார் போகணும்னு கணக்குப் பாப்பாரு. மச்சினனா இருக்கும், அத்தானா இருக்கும். அவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும். அவர் மனசுல பட்டுட்டா மத்ததை அவரே பாத்துக்குவாரு. இன்னொண்ணு, ஐஸ் பெட்டி வர்றதுக்கு முன்னாடி போயிரணும். மாலை எல்லாம் போட்டு மூடின பெட்டியத் திறன்னு சொல்ல நமக்கும் மனசு வராது. ஆக்சிடென்ட் கேஸ்னா போலீஸ் சம்மதமும் வேணும். அதுக்கும் அந்த மச்சினன்தான் ஓடணும்."

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வேன் வைத்திருக்கும் தம்பி சொன்னான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டிருக்கிறது. ஜங்ஷனில் தண்ணீர், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றியே தண்ணீர், போக வழியில்லை. "பஞ்சை நனைச்சு வச்சிட்டுக் காத்திருந்தாங்கண்ணே. விடிஞ்ச பிறகு நான்தான் போன் பண்ணி, இனிமே பஞ்சை எடுத்துருங்கன்னு சொன்னேன்" என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அரிசி ஆலை அண்ணாச்சி கூட்டிக்கொண்டு வந்த விருந்தினர் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி, ஐம்பது வயது இருக்கும். அவரைப் பேசச் சொல்லவில்லை, அவராகவே எழுந்தார்.

"அறுப்பு நேரம். கட்டு தூக்கையில நெல்லுத் தாளு கண்ணுல குத்திட்டு. சின்ன உறுத்தல்தானன்னு இருந்துட்டேன். எங்க பெரியம்மா தாய்ப்பால் விடச் சொன்னாவ, விட்டோம். பச்சிலைச் சாறும் விட்டோம். நாலு நாள்ல கண்ணைத் திறக்க முடியல. ஆசுபத்திரியில, காளான் தொத்திக் கருவிழியில புண்ணாயிட்டு, இத்தன நாள் எங்க இருந்தீருன்னு கேட்டாவ. மருந்துல புண்ணு ஆறிச்சு. ஆனா கண்ணுல பூ விழுந்துட்டு. பகல்ல வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வரப்புல நடக்கையில ஒரு பக்கம் இருக்கா இல்லையான்னே தெரியாது.

பேரு எழுதி வச்சிக் காத்திருந்தேன். ஒரு நாள் போன் வந்துச்சு, கண்ணு கிடைச்சிருக்கு, வெரசா வாங்கன்னு. முடியவிட மெல்லிசான நூலால தச்சிருக்காவ. கட்டைப் பிரிச்ச அன்னைக்குக் கலங்கலாத்தான் தெரிஞ்சுது. மாசக்கணக்காச்சு தெளிய. இப்பவும் சொட்டு மருந்து விடுதேன், டாக்டர் சொன்ன தேதிக்குப் போயி காட்டுதேன். கொஞ்சம் செவந்தாலும் ஓடிருவேன். இது என் கண்ணு இல்லல்லா, பத்திரமா வச்சிக்கிடணும்.

யாரு குடுத்தாவன்னு கேட்டேன். சொல்ல மாட்டாவளாம், அது முறையாம். ஆடி அமாவாசைக்குப் பாவநாசம் போயி அப்பா அம்மாவுக்குத் தண்ணி விடும்போது, இப்ப ஒரு கை சேத்து விடுதேன். அய்யரு பேரு கேப்பாரு. தெரியாதும்பேன். ஆணா பொண்ணான்னு கேப்பாரு. அதுவும் தெரியாதும்பேன்."

பாத்திரக்கடை அண்ணாச்சி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் கொடுப்பது இரண்டு பேருக்குப் போகிறது என்று எத்தனையோ நோட்டீஸில் அச்சடித்திருக்கிறோம். அந்த இரண்டு பேரில் ஒருவரை நேருக்கு நேர் பார்த்தது எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான்.

என் முறை வந்தபோது என் அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் சங்கத்தில் சொல்லாதது.

அப்பா ஒரு முகாமில் கண்தான அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் நாங்கள் காதில் வாங்கவில்லை. அவர் போனது விடியற்காலம் நாலரை மணி. சென்னையிலிருந்து தம்பி வர வேண்டும் என்று மறுநாள் காலை வரை வைத்திருந்தோம். ஒரு பகல், ஒரு ராத்திரி. அந்த அட்டை பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பீரோவைத் துடைக்கும்போது கிடைத்தது. ரேஷன் கார்டுக்குள், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில். நீலப் பேனாவில் அப்பா கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து போட்டிருந்தது அடுத்த தெரு டீக்கடைக்காரர். வீட்டில் யாரையும் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார்.

அன்றைக்குப் புரிந்ததை இப்போது எங்கே போனாலும் சொல்கிறேன். அட்டை எழுதியதால் கண் போய்ச் சேராது. அட்டையே எழுதாதவர் கண்ணையும் நெருங்கிய உறவுக்காரர் சம்மதித்தால் எடுக்கலாம். அட்டை எழுதியவர் கண்ணும் வீட்டில் இருப்பவர் போன் செய்யாவிட்டால் அப்படியே போய்விடும். இதனால்தான் முகாம் போட்டு எத்தனை அட்டை வாங்கினோம் என்று கணக்குக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. தலைவர் அண்ணாச்சியிடம் சண்டையே போட்டிருக்கிறேன். அட்டையோடு வீட்டுக்குப் போக வேண்டும், அடுக்களை வரைக்கும் போக வேண்டும், மகள் மருமகளிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இந்தப் புதன்கிழமை அதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து இரண்டிரண்டு பேராகப் போகிறோம், பழைய அட்டைகளின் நகலை எடுத்துக்கொண்டு. மகாராஜநகர் பக்கம் முதலில்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக பத்தரை ஆகிவிட்டது. அம்மா முழித்திருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், அந்த விவசாயி சொன்னது வரைக்கும். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து போய், அடுக்களையில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில், பால்காரர் நம்பருக்கு மேலே, கண் வங்கி நம்பரைப் பெரிதாக எழுதச் சொன்னாள். எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்துச் சரி பார்த்தாள்.

"உங்க அப்பாவுக்குப் பண்ண மாதிரி தம்பி வரட்டும்னு நிக்காத என்னய்யா. அழுகதெல்லாம் பொறவு அழு. முதல்ல ஃபேனை அமத்து."