புதுப்பிப்பு: லோன் காரை ஒப்படைத்த பிறகு சிபில் நிலவரம்

தவணை கட்ட முடியாமல் காரை ஃபைனான்ஸிடமே ஒப்படைத்தால் சிபில் (கடன் மதிப்பெண்) தப்புமா என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

தப்பாது. விடுபட்ட தவணைகள் ரிப்போர்ட்டில் அப்படியே நிற்கின்றன. ஃபைனான்ஸ் காரை ஏலம் விட்ட விலையைக் கழித்தும் ₹62,000 பாக்கி வந்தது. “பாதிக்குப் பேசி முடிக்காதீங்க, ‘செட்டில்டு’ன்னு விழும், அடுத்த லோன் கிடைக்காது” என்று இங்கே பதில் போட்ட மார்த்தாண்டம் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. முழுசும் கட்டி, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கினேன்.

எதிர்பாராதது: அதன் பிறகும் ரிப்போர்ட்டில் ₹62,000 பாக்கி! கடிதத்தோடு சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (தவறைத் திருத்தச் சொல்லும் புகார்) போட்டதும் மூன்றே வாரத்தில் ‘குளோஸ்டு’ ஆனது. புகார் தீராமல் 30 நாள் தாண்டினால் நாளுக்கு ₹100 இழப்பீடு கேட்கலாம், ரிசர்வ் வங்கி விதி.

இன்னொன்று: ஒப்படைத்த காரின் ஆர்சி (பதிவுச் சான்று) ஏலத்தில் எடுத்த புது ஆள் பெயருக்கு மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள். மாறாவிட்டால் அபராதச் சலான் உங்களுக்குத்தான் வரும்.