வீட்டிலேயே வாட்ச் படம் எடுப்போர் அனுபவங்கள்: கண்ணாடி, வெளிச்சம், தூசி

அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவை ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன். தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "என்ன மேக்ரோ லென்ஸ் வாங்கப் போற?" என்பதுதான். மிக அருகிலிருந்து எடுக்க உதவும் அந்த லென்ஸுக்குப் பிறகு வருகிறேன். இத்தனை நாள் அனுபவத்தில் சொல்கிறேன், வாட்ச் படத்தைத் தீர்மானிப்பது வாட்ச்சுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதுதான்.

ஜனதாவைப் பார்த்திராத இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தயாரிப்பு தொடங்கியது. சாவி கொடுக்கிற ஜனதாவும் கறுப்பு டயல் பைலட்டும் அந்த வரிசையில் வந்தவை. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்தக் காலத்து வாட்ச்சுகள் வீட்டுக்கு வீடு அலமாரியில் கிடக்கின்றன. டயல் கெடுவதற்குள் அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஓர் ஆதங்கம் உண்டு.

ஜனதாவின் கண்ணாடி அக்ரிலிக் பிளாஸ்டிக். நடுவில் மேடாக வளைந்திருக்கும். அந்த வளைவுக்குள் அறை முழுவதும் சின்னதாக வந்து உட்கார்ந்துவிடும். ஜன்னல் கம்பி, டியூப்லைட், மின்விசிறியின் இறக்கை, கேமராவைப் பிடித்திருக்கும் விரல் என்று ஒன்று விடாமல் தெரியும். சுற்றியிருக்கும் ஸ்டீலும் அப்படித்தான். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் ஸ்டீல் ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று இருக்கும். அதனால் நான் எடுக்கும்போது கறுப்புச் சட்டை, ஜன்னல் திரை மூடியிருக்கும், அறையில் எரிவது ஒரே ஒரு விளக்கு. அந்த விளக்குக்கும் வாட்ச்சுக்கும் நடுவில் ட்ரேசிங் பேப்பர். கட்டட வரைபடம் போடுகிறவர்கள் பயன்படுத்துகிற அதே தாள்தான், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். விளக்கைத் தாளுக்கு மிக அருகில் வைத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். கொஞ்சம் தள்ளி வைத்தால் தாள் முழுவதும் சீராக ஒளிரும். அந்தத் தாளின் ஓரம் மெதுவாகத் தேய்ந்து மறைவதுதான் ஸ்டீலில் அழகான சாயலாக விழுகிறது.

எனக்கு மிகவும் உதவிய பழக்கம் ஒன்று. கேமராவை வைப்பதற்கு முன், லென்ஸ் இருக்கப்போகும் இடத்தில் ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள். இன்னொரு கையில் வெள்ளைச் சார்ட் அட்டையை எடுத்து வாட்ச்சைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் முட்கள் பளிச்சென்று எரியும், இன்னோர் இடத்தில் எண்கள் மட்டும் எழும், வேறோர் இடத்தில் கண்ணாடி முழுவதும் வெளுத்து டயல் காணாமல் போகும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும் என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கே கண்ணெதிரே நடக்கும். கண்ணாடியை வெளுக்கச் செய்யும் இடத்தில் கறுப்பு அட்டை, முட்களை எரியவைக்கும் இடத்தில் வெள்ளை அட்டை. இதற்குத்தான் என் நேரம் பெரும்பாலும் போகிறது. ஷட்டரை அழுத்துவது கடைசி ஒரு நிமிட வேலை.

நேர் மேலிருந்து எடுத்தால் கேமராவே கண்ணாடியில் தெரியும். கறுப்பு அட்டையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, லென்ஸ் முன்னால் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

இப்போது லென்ஸ். மேக்ரோ லென்ஸ் என்றால் 1:1 இருந்தே ஆக வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். 1:1 என்றால் பொருள் அதன் உண்மை அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழுவது. முழு ஃபிரேம் கேமராவில் அப்படி எடுத்தால் படத்துக்குள் அடங்குவது 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். பெரும்பாலான ஆண்கள் வாட்ச்சுகள் அதில் முழுதாக அடங்காது. முழு வாட்ச்சுக்கு 1:2, அதாவது பாதி அளவு, போதும். பழைய மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ. லென்ஸ் 1:2 வரைதான் போகும். கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். என் மேசையில் இன்றுவரை அதுதான் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் உங்களிடம் இருக்கும் 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடுங்கள். 10 மி.மீ., 16 மி.மீ. என இரண்டு வளையமாக விற்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் 26 மி.மீ., ஏறத்தாழ 1:2 வந்துவிடும். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய் என்பதால் லென்ஸின் தரம் பெரிதாகக் குறையாது.

முள்ளின் நுனி, டயலில் உள்ள எழுத்து என்று நெருங்கும்போதுதான் 1:1 தேவைப்படும். அங்கே லென்ஸ் துளையை f/8-க்குச் சுருக்கினால்கூடத் தெளிவாக இருப்பது சுமார் 1 மி.மீ. ஆழம்தான். சரி, துளையை இன்னும் சுருக்கி f/22 வைத்துவிடலாமே என்றால், ஒளி துளையோரத்தில் வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தப் படமும் மழுங்கிவிடும். அதனால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் என்ற மென்பொருளிலோ ஃபோட்டோஷாப்பிலோ ஒன்றாக அடுக்க வேண்டும். அப்போது ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மே மாதத்தில் கஷ்டம்தான். ஆனால் காற்றில் ட்ரேசிங் பேப்பர் ஆடினால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் மாறும், அடுக்கும்போது டயலில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஷட்டருக்கு 2 விநாடி டைமர் வைத்துவிடுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

*

அண்ணா, வணக்கம். நான் ஓசூரில் இருக்கிறேன், ஆகவே டைட்டன் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். எங்கள் தெருவில் அந்தத் தொழிற்சாலைக்குப் போய்வந்தவர்கள் நிறைய. என்னிடம் இருப்பது டைட்டன் எட்ஜ், மொத்த உயரமே 3.5 மி.மீ. இந்த வாட்ச்சின் பெருமை அதன் மெல்லிசுதான், அதனால் பக்கவாட்டில் எடுத்தால்தான் அதற்கு நியாயம் செய்ததாகும்.

வெள்ளைப் பின்னணியில் வைத்தேன். ஸ்டீல் விளிம்பும் வெள்ளையையே காட்டியதால் எது வாட்ச், எது பின்னணி என்றே பிரியவில்லை. அப்புறம் படத்துக்குள் வராத தூரத்தில், இரண்டு பக்கமும் கறுப்புச் சார்ட்டைப் பட்டையாக வெட்டி நிறுத்தினேன். விளிம்பில் மையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு வந்தது. வாட்ச் எவ்வளவு மெல்லிசு என்பது அந்தக் கோட்டால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

நீங்கள் ட்ரேசிங் பேப்பரைச் சொன்னீர்கள். சன்பர்ஸ்ட் டயலுக்கு மட்டும் அது ஒத்துவராது என்பது என் அனுபவம். என் இன்னொரு வாட்ச் நீல நிற சன்பர்ஸ்ட். நடுவிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய கீறல்களாக இழைத்திருப்பார்கள். எல்லாப் பக்கமும் மென்மையான வெளிச்சம் கொடுத்தால் டயல் பெயின்ட் அடித்த தகடு மாதிரி செத்துப்போகிறது. இரண்டு கறுப்பு அட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, அதன் வழியாக மட்டும் வெளிச்சம் விட்டேன். எதிரெதிரே இரண்டு விசிறிகள் விரிந்தாற்போல ஒளி வந்துவிட்டது. இடைவெளியை நகர்த்தினால் அந்த விசிறிகளும் டயலில் சுற்றிவருகின்றன. டயலுக்கு அந்த வெளிச்சத்தில் ஒரு படம், ஸ்டீலுக்கு ட்ரேசிங் பேப்பரில் ஒரு படம், கேமராவை அசைக்காமல் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்கிறேன். ஒரே விளக்கில் இரண்டும் கிடைக்க வேண்டும் என்று போராடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், இரண்டு படமாக எடுத்துவிடுங்கள்.

லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பற்றியும் ஒன்று. அதைப் போட்டால் கண்ணாடிப் பிரதிபலிப்பு போய்விடும் என்று பலர் வாங்குகிறார்கள். வாட்ச்சை நன்றாகச் சாய்த்து, ஏறக்குறைய 55 டிகிரிக் கோணத்தில் பார்த்தால்தான் அது முழுமையாக வேலை செய்கிறது. நேர் மேலிருந்து எடுக்கும்போது எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டீல் பளபளப்பை அது தொடவே தொடாது. அந்தப் பணத்துக்கு நிறைய கறுப்பு அட்டை வாங்கலாம்.

*

நான் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படமெடுப்பது என் மகன், வாட்ச்சைத் தயார் செய்து கொடுப்பது நான். அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத தூசி, மேக்ரோவில் மணல் மணலாகத் தெரியும். சட்டைத் துணியில் துடைத்தால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். முதலில் கைப்பம்பால் ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணி. ஸ்டீல் இடுக்கில் இருப்பதற்கு ரோடிகோ என்று ஒரு பிசின் உண்டு, எங்கள் தொழிலில் எல்லோரிடமும் இருக்கும். மெதுவாக ஒற்றி எடுத்தால் கைரேகை எண்ணெய்கூட வந்துவிடும். அதற்குப் பிறகு வாட்ச்சை வெறும் விரலால் தொடக்கூடாது, விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஜனதா மாதிரி அக்ரிலிக் கண்ணாடியில் மேலோட்டமான கீறல் இருந்தால் பாலிஷ் போட்டுத் தேய்த்தாலே போய்விடும். மினரல் கண்ணாடியில் அந்த வேலை பலிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

படத்துக்காக முள்ளைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைக்கிறீர்கள். நல்லது. மேலே இருக்கும் பெயர் மறையாது, மூன்றாம் எண்ணில் உள்ள தேதியும் மறையாது. ஆனால் படத்துக்காகத் தேதியை மாற்றும்போது கவனம். வாட்ச்சுக்குள் இரவு ஒன்பது மணியிலிருந்து விடிகாலை மூன்று மணிவரைக்கும் தேதிச் சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தேதியை வேகமாகத் திருப்பினால் பல் உடையும். முள் காட்டும் பத்து பத்து இரவா பகலா என்று வெளியிலிருந்து தெரியாது. முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுபோய், தேதியை மாற்றிவிட்டுப் பிறகு பத்து பத்துக்கு வாருங்கள். இப்படிப் பல் போன வாட்ச்சுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, காந்தம். இப்போது போன் ஸ்டாண்ட், விளக்கு ஸ்டாண்ட் எல்லாவற்றிலும் காந்தம் வைக்கிறார்கள். மெக்கானிக்கல் வாட்ச்சை அதன்மேல் வைத்தால் உள்ளே ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் ஸ்பிரிங் காந்தமேறி, சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் தாறுமாறாக வேகமாக ஓடும். காந்தம் இறக்கச் சின்னக் கருவி இருக்கிறது, ஆனாலும் வராமல் பார்த்துக்கொள்வதே மேல்.

*

கேமரா இல்லாத எங்களைப் போன்ற மாணவர்களுக்கும் ஒரு வழி சொல்லட்டுமா? போனில் மேக்ரோ மோடு போட்டால் பெரும்பாலும் அகலக் கோண லென்ஸ்தான் வேலை செய்யும். வாட்ச்சுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வரை போக வேண்டியிருக்கும். அப்போது போனின் நிழல் டயலில் விழும், கண்ணாடியில் போனே தெரியும், வட்டமான வாட்ச் முன்பக்கம் புடைத்த மாதிரி வரும். நான் மேக்ரோவை அணைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூமில் எடுக்கிறேன். வடிவம் சரியாக வருகிறது, நடுவில் அட்டையும் தாளும் வைக்க இடமும் கிடைக்கிறது. விடுதி அறையின் எல்.இ.டி. பல்பில் சில சமயம் படத்தில் பட்டை பட்டையாக வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு விநாடிக்கு 100 தடவை மினுக்கும், அதனால் வருவது. ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் மறைந்துவிடுகிறது.

*

ரிப்பேர் கடை ஐயாவுக்கு மிக்க நன்றி. அந்தத் தேதி விஷயத்தைப் படமெடுக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

தம்பி, இரண்டு மடங்கு ஜூம் நல்ல யோசனை. போனை ஏதாவது ஒன்றின்மேல் அசையாமல் நிறுத்திவிட்டு டைமரில் எடுங்கள்.

ஓசூர்த் தங்கை சொன்ன இடைவெளி வெளிச்சத்தைச் சீக்கோ டைவர் வாட்ச்சில் செய்து பார்த்தேன், டயலுக்கு உயிர் வந்துவிட்டது. அதே வாட்ச்சில் இருட்டில் ஒளிரும் எண்களையும் எடுத்தேன். டார்ச்சை டயல்மேல் ஒரு நிமிடம் காட்டிவிட்டு, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பத்துப் பதினைந்து விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும். விநாடி முள் நகர்ந்தால் பச்சையாக ஒரு தீற்றல் விழும், ஆகவே கிரவுனை, அதாவது பக்கத்தில் உள்ள சாவிக் குமிழை, இழுத்து முள்ளை நிறுத்த முடிகிற வாட்ச்சாக இருந்தால் நல்லது.

விற்பதற்காகப் படமெடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ட்ரேசிங் பேப்பர் வெளிச்சம் கீறலை மறைத்துவிடும். அதனால் அழகான படங்களோடு, விளக்கைத் தாழ்வாகப் பக்கத்திலிருந்து அடித்து எடுத்த படம் ஒன்றையும் கட்டாயம் போடுங்கள். அதில்தான் கண்ணாடிக் கீறலும், ஸ்டீலில் உள்ள அடிகளும், தேய்ந்துபோன பின்மூடி எழுத்தும் தெரியும். மஞ்சளேறிய பழைய டயலை வெள்ளையாகத் திருத்தவும் வேண்டாம். சாம்பல் அட்டை ஒன்றை வாட்ச் பக்கத்தில் வைத்து முதல் படம் எடுத்து, அதைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்தால் டயல் உண்மையில் எந்த நிறமோ அதுவே வரும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

விளக்குக்கும் லென்ஸுக்கும் இரண்டிலுமே போலரைசர் தாள் போட்டு எடுத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? அப்படிச் செய்தால் ஸ்டீல் பளபளப்பும் அடங்கும் என்று தெரியும். பளபளப்பு போன பிறகு முட்கள் எப்படி இருந்தன என்று படத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.