பழைய ஸ்டார் ட்ரெக்: எந்த வரிசையில் பார்ப்பது?
நண்பர்களே, ஒரு உதவி. 1966-இல் தொடங்கிய, விண்வெளிக் கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக் டிவி தொடரை மகளோடு ஒளிபரப்பான வரிசையில் பார்க்கிறேன். முதல் கதை, உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் பிராணி வரும் 'தி மேன் ட்ராப்'. அதில் கப்பலின் டாக்டர் மெக்காய் இருக்கிறார். மூன்றாவதாக வரும் 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' அதற்கு முன்பே எடுத்தது. அதில் மெக்காயும் இல்லை, தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவும் இல்லை, சீருடைகூட வேறு! "டாக்டர் எங்கே போனார்?" என்கிறாள். நான் முழிக்கிறேன்.

இது போதாதென்று, கப்பலின் முந்தைய கேப்டன் பைக் வரும் 'தி கேஜ்' வேறு; தொடருக்கு முன்னோட்டமாக எடுத்து அப்போது ஒளிபரப்பாத கதை அது. அதன் காட்சிகளைத்தான் பிறகு 'தி மெனாஜரி'யில் சேர்த்தார்கள். முதலிலேயே காட்டினால் அந்தச் சுவாரஸ்யம் போய்விடுமே.

மொத்தம் 79 எபிசோட். தயாரிப்பு வரிசையில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், பத்து வயதுப் பிள்ளை பயப்படுகிற எபிசோட் எவை?