"ஆண்டவர் மன்னிச்சிருப்பார், அவுக மன்னிக்கலையே": குற்றவுணர்வோடு தவிப்பவர்களைச் சந்தித்த அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி:

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். ஆராதனைக்கு வராமல் இருக்கமாட்டார், காணிக்கையிலும் குறை வைக்கமாட்டார். ஆனால் திருவிருந்து நாளில் எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்கு எழுந்து போகும்போது, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சிலேயே இருந்துவிடுவார். மற்றவர்கள் கடந்துபோகக் காலை மட்டும் ஒதுக்கிக்கொள்வார். பல வருஷமாகவே அப்படித்தான். முட்டுவலி என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

வீடு சந்திப்புக்குப் போயிருந்தபோது, மற்ற பெண்கள் கிளம்பியபிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பனங்கிழங்கை உரித்து, நடு நரம்பை உருவிப் போட்டுவிட்டு, துண்டு துண்டாக என் கையில் தந்துகொண்டே பேசினார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரை வருஷக்கணக்கில் பார்த்தவர். கடைசி ராத்திரி அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அது எத்தனையாவது தடவையோ! "சும்மா கிடங்க, எனக்கும் உடம்புதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் உயிர் இல்லை.

"ஆண்டவர்கிட்ட தெனமும் சொல்லுதேன். அவர் மன்னிச்சிருப்பார்மா. அவுக மன்னிக்கலையே. அவுககிட்ட எங்க போய்க் கேக்க?"

பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9ஐ அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் எங்களை மனப்பாடம் பண்ணவைத்தவரே அவர்தான். அதனால் மாற்கு 16:7ஐ வாசித்தேன். கல்லறையில் இருந்த தூதன், "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்" சொல்லுங்கள் என்கிறான். சீஷர் என்றாலே பேதுருவும் அதில் சேர்த்திதானே, ஆனாலும் பேரைத் தனியாகச் சொல்கிறான். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு அதுவரை செய்ததாக எழுதியிருப்பது அழுதது ஒன்றைத்தான். அவன் மன்னிப்புக் கேட்டு நிற்பதற்கு முன்பே அவனைத் தேடி ஆள் வந்துவிட்டது. பிறகு கேட்டேன்: "பெரியம்மா, பெரியப்பா கர்த்தருக்குள்ள நித்திரையானவங்க. ஒரு வாய் தண்ணிக் கோபத்தை மனசுல வச்சுக்கிட்டா அங்க இருப்பாங்க?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து ஆராதனையில் ஒன்றைக் கவனிக்கிறேன். பாவ அறிக்கையைச் சபையே சத்தமாகச் சொல்கிறது. அது முடிந்து ஐயர் (எங்கள் போதகர்) பாவமன்னிப்பைக் கூறும்போது, பாதிப்பேர் அடுத்த பாட்டு நம்பரைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். சொன்னதையே திரும்பத் திரும்ப வருஷக்கணக்கில் அறிக்கையிடுகிறவர்களுக்கு, அந்த மன்னிப்பை யாராவது முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர்:

அக்கா, நாங்கள் லுத்தரன் சபை. மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் போதனைப் புத்தகத்தில் பாவ அறிக்கைக்கு இரண்டு பகுதி உண்டு என்று சொல்லியிருக்கிறார். பாவத்தை ஒத்துக்கொள்வது ஒன்று. போதகர் வாயால் வரும் மன்னிப்பைத் தேவனே சொன்னதாக ஏற்றுக்கொள்வது இன்னொன்று. நம்மில் நிறையப்பேர் முதல் பகுதியோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பாருங்கள். அவனும் "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக்கொடுத்தான். ஆனால் போய்ச் சொன்னது யாரிடம்? "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்ற ஆசாரியர்களிடம். பேதுரு அழுதாலும் மற்றச் சீஷரை விட்டுப் போகவில்லை. இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நான் சந்தித்தவருடைய விஷயம் வேறு மாதிரி. ஜவுளிக்கடையில் வேலைபார்த்த ஒரு தம்பி, கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்திருக்கிறான். வேலையை விட்டு, இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானமும் எடுத்தபிறகும் தூக்கம் இல்லை. உபவாசம் இருந்து பார்த்தான், பிசாசின் குற்றச்சாட்டு என்று கடிந்தும் ஜெபித்துப் பார்த்தான். நான் சொன்னேன்: "தம்பி, இது பிசாசு இல்ல. கடன். ஏமாத்தி வாங்கினதைத் திருப்பித் தரேன்னு சொன்ன சகேயு மாதிரி திருப்பிக் கொடுத்துடு." சேர்த்துவைத்து எடுத்துக்கொண்டு போனான், நானும் கூடப் போனேன். முதலாளி எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றார், அவ்வளவுதான். மன்னித்தேன் என்ற வார்த்தையே வரவில்லை. ஆனால் அந்தத் தம்பி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து மயிலாடுதுறை வரைக்கும் தூங்கினான்.

எல்லாக் குற்றவுணர்வையும் "விசுவாசி, விட்டுவிடு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சரியில்லை. திருப்பிக்கொடுக்க முடிந்ததைக் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் பெரியம்மா மாதிரி, கொடுக்க வழியே இல்லாதவர்களுக்குத்தான் கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு "ஆக்கினைத்தீர்ப்பில்லை", அதாவது தண்டனைத் தீர்ப்பு இல்லை என்ற ரோமர் 8:1ஐ விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டை சகோதரி:

உண்மைதான் தம்பி. பெரியம்மா இந்த உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பீடத்துக்கு வந்தார். அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதம் வந்தார். பெரியப்பா இறந்த மாதம் இனிமேல்தான் வருகிறது, அதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த வாரம் அவர் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் வைக்கலாமா என்று ஐயரிடம் கேட்டிருக்கிறேன். மரித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியாமல் தவிக்கிறவர்களோடு பழகியவர்கள் வேறு யாராவது இருந்தால், என்ன சொன்னீர்கள், எது உதவியது என்று எழுதுங்கள். பெரியம்மாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.