ஆர்எக்ஸ்-8 என்ன 1300 காரா?

வெள்ளவத்தை அல்டேசா
நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார்: வெள்ளவத்தையிலிருந்து ராஜகிரியவுக்குத் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும், ஓட்டுகிற சுகமும் வேண்டும், பின்சில்லில் ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதை எடுக்கலாம் என்று. நல்ல கேள்வி. அதற்குக் கீழே ரோட்டரி ராசா போட்ட ஒற்றை வரியை வாசித்ததும் குடித்துக்கொண்டிருந்த பிளேன் ரீ எனக்குப் புரையேறிவிட்டது: "ஆர்எக்ஸ்-8 எடு தம்பி, 1300 சிசிதானே, விட்ஸ் குடிக்கிற அளவுதான் குடிக்கும்."

விட்ஸ் என்ற சின்ன ரொயோட்டா குடிக்கிற அளவாம்! மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரான அந்த ஆர்எக்ஸ்-8ஓடு இரண்டரை வருடம் மாரடித்தவன் நான். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். விட்ஸ்காரர்கள் அதிலும் மிச்சம் பிடித்தார்கள். எனக்கு வியாழன் பின்னேரம் பொரளைச் சந்தியில் பெற்றோல் முடிகிற மஞ்சள் லைட் எரியும், வெள்ளிக்கிழமை பஸ். இதெல்லாம் தெரிந்தும் ஒரு பிள்ளையைக் குழிக்குள் தள்ளுகிறீர்களே, நியாயமா?

ரோட்டரி ராசா
எனக்கென்றே தனி இழை திறந்துவிட்டீர்கள், சந்தோஷம் அண்ணை. அந்தக் காரின் பதிவுப் புத்தகம் உங்களிடம் இருந்திருக்கும்தானே? எஞ்சின் கொள்ளளவு எவ்வளவு என்று அடித்திருந்தது? 1308. மஸ்டா சொல்வதும் 1308. பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே சுற்றுகிற முக்கோணம்தான் ரோட்டர். ஒரு ரோட்டர் 654, இரண்டு ரோட்டர். பெருக்கிப் பாருங்கள். அக்சிலேட்டரைச் சவட்டிக்கொண்டே ஓட்டினால் விட்ஸும்தான் குடிக்கும்.

வெள்ளவத்தை அல்டேசா
அந்த 654 எத்தனை தரம் வேலை செய்கிறது என்பதல்லவா விஷயம். சாதாரண எஞ்சினில் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒரு வெடி. ரோட்டரியில் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு வெடி. புட்டுக் கணக்கில் சொல்கிறேன். இரண்டு வீட்டிலும் ஒரே அளவுக் குழல். ஒரு வீட்டில் ஒரு குழல் அவிகிற நேரத்துக்குள் மற்ற வீட்டில் இரண்டு குழல் அவித்துக் கொட்டிவிடுகிறார்கள். மா எந்த வீட்டில் முதலில் முடியும்? 1308ஐ இரண்டால் பெருக்கினால் 2616. நீங்கள் ஓட்டுவது 2.6 லீற்றர் கார்.

ரோட்டரி ராசா
புட்டு அவிக்கிறவரிடம் கார் கேட்டது தம்பியின் பிழை. 1308.

கணக்கு வாத்தி
இரண்டு பேரும் பிழை. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். 654 தர 3 தர 2. விடை 3924.

வெள்ளவத்தை அல்டேசா
வாத்தியார், அந்த மூன்று முகமும் தங்கள் முறையை முடிக்கத் தண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். கணக்கென்றால் முழுதாகச் செய்யுங்கள். ஜப்பானில் வருட வரி போடும்போதே ரோட்டரிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 1962. மஸ்டாவின் சொந்த ஊரிலேயே அதை 1300 என்று விட்டுவைக்கவில்லை.

ரோட்டரி ராசா
ஆக 2616, 3924, 1962. நீங்களே முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு நம்பர், புத்தகத்தில் அடித்த நம்பர்.

விட்ஸ் அக்கா
என்னுடைய விட்ஸ் 1296. ராசாவின் காருக்கும் எனக்கும் 12 சிசிதான் வித்தியாசம் என்றால், இவ்வளவு காலமும் நான் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியது தெரியாமல்தான் மரக்கறி வாங்கப் போயிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு ஆயுர்வேத சந்திக்கு வந்து பாருங்கள். முன்சில்லா பின்சில்லா என்று ஆராய்வதற்கு முதலில் ஏதாவது ஒரு சில்லு சுற்ற வேண்டுமே.

புதுக்கார்த் தம்பி
கேள்வி கேட்டவன் நான்தான். நான் பார்த்து வைத்திருப்பது ரொயோட்டா அல்டேசா, ரொயோட்டா 86, மஸ்டா ரோட்ஸ்டர், பிஎம்டபிள்யூ இ46 318. ஆர்எக்ஸ்-8ஐ நான் கேட்கவே இல்லை. அம்மாவை மாதம் இரண்டு முறை கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவருக்கு முழங்கால் வருத்தம். அப்புறம், மழைக்குப் பின்சில்லுக் கார் வழுக்கும் என்று மாமா பயமுறுத்துகிறார். உண்மையா?

வெள்ளவத்தை அல்டேசா
தம்பி, மாமாவிடம் சொல்லுங்கள்: காலி வீதியில் ஓடுகிற பஸ்ஸையும் பின்சில்லுதான் தள்ளுகிறது, ஓட்டோவையும் பின்சில்லுதான் தள்ளுகிறது. மழைக்கு வழுக்குவது ரயர். பழைய கார் பார்க்கப் போனால் ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் செய்த வாரம், மற்ற இரண்டும் வருடம். 3214 என்று இருந்தால் பூ, அதாவது ரயரின் வெட்டு, எவ்வளவு இருந்தாலும் அது 2014இல் செய்த ரயர், மரக்கட்டை. விற்பவர் "புது ரயர் போட்டிருக்கிறேன்" என்று சொல்லும்போது ஒன்றும் பேசாமல் குனிந்து அந்த இலக்கத்தை வாசியுங்கள். பேச்சு தானாக மாறும்.

86 அருமையான கார்தான். 2012இல் வந்தது, சிலிண்டர்கள் கிடையாக உள்ள சுபாருவின் படுத்த எஞ்சின், 200 குதிரை. ஆனால் தரைக்கும் காருக்கும் இடையில் 13 சென்ரிமீற்றர், பின்சீற்றில் பையைத்தான் வைக்கலாம். முழங்கால் வருத்தம் உள்ள அம்மா அதற்குள் இறங்கலாம், எழும்ப நீங்கள் கிரேன் கொண்டுவர வேண்டும். ரோட்ஸ்டரும் அப்படித்தான், அதோடு கொழும்பு வெயிலுக்குத் துணிக்கூரை. இ46 ஓட்ட இனிப்பு, ஆனால் கூலன்ட் தாங்கியும் அதைச் சுற்றியுள்ளதும் பிளாஸ்டிக். அது வெடித்து நடுச்சந்தியில் ஆவி கிளப்பும் நாள் எப்போது என்பதுதான் கேள்வி. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தது என்று காத்திருக்கவும் வேண்டாம். இந்த வயதுக் கார்கள் இனி கப்பலில் வராது. இங்கே இருப்பதில்தான் தேட வேண்டும்.

நாலு கதவு, பின்சில்லு, ரொயோட்டாச் சாமான். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

ரோட்டரி ராசா
சுற்றிச் சுற்றித் தன் காரை விற்கிறார், பார்த்தீர்களா? ஆர்எக்ஸ்-8க்கும் நாலு கதவுதான் அண்ணை. பின்கதவு மறுபக்கம் திறக்கும், நடுவில் தூணே இல்லை. அம்மா ராணி மாதிரி ஏறலாம்.

விட்ஸ் அக்கா
முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். தெரு ஒழுங்கையில் ஒருபக்கம் மதில், ஒருபக்கம் ஓட்டோ. ராணி உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

மதுரை மைனர்
நண்பர்களே, குறுக்கே வருகிறேன். பின்சில்லு என்றால் பின்சக்கரமா? எங்கள் ஊரில் சில்லு என்றால் உடைந்த ஓட்டுத்துண்டு.

ரோட்டரி ராசா
எங்கள் ஊரில் சில்லு சுற்றும். உங்கள் ஊரில் உடைந்திருந்தால் நாங்கள் என்ன செய்வது?

மதுரை மைனர்
கேட்டதற்கு இவ்வளவு கோபமா? காரில் ஏதோ உடைந்திருக்கிறது போல.

பஞ்சிகாவத்தைப் பக்கம்
நான் கார்ச் சாமான் விற்கிறவன், எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. ஒரு விஷயம் மட்டும். ஆர்எக்ஸ்-8க்கு பிளக் நாலு, ஆனால் இரண்டு வகை, வகைக்கு இரண்டு. நாலும் ஒரே வகை கொடு என்று வந்து நிற்கிறவர்கள் எத்தனை பேர்! பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலும் நாலு. வாங்க முதல் கொம்பிரஷன், அதாவது எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தம், பாருங்கள், அதுவும் ரோட்டரிக்கென்று உள்ள கருவியில், மூன்று முகத்துக்கும் தனித்தனியே. சாதாரண கேஜ் உச்சத்தை மட்டும்தான் காட்டும். இரண்டு முகம் செத்திருந்தாலும் ஊசி நல்லாய்த்தான் நிற்கும்.

ரோட்டரி ராசா
போன வருடம் நீங்கள் கொடுத்த கொயில் மூன்று மாதம் நிற்கவில்லை. அதையும் எழுதுங்கள், கட்சி இல்லாதவரே.

பஞ்சிகாவத்தைப் பக்கம்
மலிவானது வேண்டும் என்று கேட்டது யார்? நான் இரண்டு பெட்டி காட்டினேன்.

வெள்ளவத்தை அல்டேசா
கொயில் கதையை விடுங்கள், தினமும் ஓடுகிற கதைக்கு வருவோம். எங்கள் ஃபிளாட்டில் கார்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் நிறுத்த வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு செக்யூரிட்டி ஐயா பெல் அடிப்பார், பின்னுக்கு நிற்கிற டாக்டர் போக வேண்டுமாம். சாரத்தோடு இறங்கி, ஸ்டார்ட் பண்ணி, இரண்டடி நகர்த்தி, நிறுத்திவிட்டு ஏறி வந்து படுப்பேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்தினால் பெற்றோல் உள்ளே நின்று பிளக்கை நனைத்துவிடும். ஏழரைக்கு வேலைக்குப் போகத் திறப்பைத் திருப்பினால் கறகற என்று சுற்றும், பிடிக்காது. அக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்ற வேண்டும், அப்போதுதான் பெற்றோல் வராமல் நிற்கும். பற்றரி இறங்கி முடிகிற நேரத்தில் பட்டென்று பிடித்து வெள்ளைப் புகையைக் கக்கும். மூன்றாம் மாடி அன்ரி கொடியில் காயப்போட்ட சேலைகளை அள்ளிக்கொண்டு ஓடுவா. இது ஒருநாள் அல்ல, எத்தனையோ நாள். விட்ஸ் அக்கா, உங்கள் 1296 இப்படிச் செய்ததுண்டா?

விட்ஸ் அக்கா
என் கார் புகை விட்டால் அது சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

ரோட்டரி ராசா
ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியிருக்கலாம். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர் எஞ்சினைக் குறை சொல்கிறார். அந்த எஞ்சின் 2003இல் உலக அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் என்று விருது வாங்கியது. ரோட்டரி போட்ட மஸ்டா 1991இல் லு மான் கார்ப் பந்தயத்தையே வென்றது. உங்கள் அல்டேசா எதை வென்றது? வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பார்க்கிங்கையா?

வெள்ளவத்தை அல்டேசா
விருதை நீங்களே இழுத்தது நல்லதாய்ப் போயிற்று. அதே விருதில் அளவுவாரிப் பிரிவும் உண்டு. 2003இலும் 2004இலும் உங்கள் எஞ்சின் எந்தப் பிரிவில் வென்றது தெரியுமா? இரண்டரை முதல் மூன்று லீற்றர் பிரிவில். விருது கொடுத்தவர்களே 1300 என்று நம்பவில்லை, நீங்கள் நம்புகிறீர்கள். லு மான் 24 மணி நேர ஓட்டம் தம்பி. அதில் செக்யூரிட்டி ஐயா இடையில் வந்து இரண்டடி நகர்த்தச் சொல்வதில்லை.

ரோட்டரி ராசா
விருது கொடுத்தவர்கள் எந்தக் கதிரையில் இருத்தினாலும் பிள்ளையின் பெயர் மாறாது. பெயர் 1308.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணை "அல்டேசா, அல்டேசா" என்கிறாரே, அது பீம்ஸ் எஞ்சின் போட்ட 210 குதிரை ஆறு கியர்க் கார் அல்ல. 1ஜி எஞ்சின், 160 குதிரை, ஓட்டோ கியர். ஸ்போர்ட்ஸ் காராம்.

வெள்ளவத்தை அல்டேசா
நேர்வரிசை ஆறு சிலிண்டர் ஓடுகிற சத்தம் உங்களுக்குப் புரியாது. உங்கள் காதில் கேட்பது மீன் விற்கிறவரின் மோட்டார்சைக்கிள்.

வேறு ஆட்களுக்கும் ஒரு சங்கதி தெரியட்டும். அல்டேசாவின் அசல் பின்லைட் என்று எனக்கு ஒரு சோடி விற்றவர் இந்த ராசாதான். முதல் மழைக்கே உள்ளே தண்ணீர். ஒரு பக்கம் மீன்தொட்டி மாதிரி அசைந்துகொண்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் பின்னால் ரொயோட்டாவின் இலக்கமே இல்லை, வழவழவென்று வெறும் பிளாஸ்டிக். 1308ஐ நம்பச் சொல்கிறவர் இவர்.

ரோட்டரி ராசா
பழைய லைட், பழைய விலை. பார்த்துத்தானே எடுத்தீர்கள்? சீல் வைக்காமல் பூட்டினால் தண்ணீர் போகத்தான் செய்யும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்
சீல் என்னிடம் இருக்கிறது.

வெள்ளவத்தை அல்டேசா
பேச்சு வேண்டாம். திங்கள் காலை எட்டு மணி. இரண்டு காருக்கும் ஒரே பெற்றோல் செட்டில் கழுத்துவரை அடிப்போம். வெள்ளவத்தையிலிருந்து பொரளை, ராஜகிரிய, திரும்பி வந்து அதே பம்பில் நிரப்புவோம். எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம்.

ரோட்டரி ராசா
திங்கள் வேலை. ஞாயிறு காலை ஆறு மணி என்றால் வருகிறேன், கொட்டாவ வரை.

வெள்ளவத்தை அல்டேசா
வெறும் றோட்டில் ஓடிக் காட்டவா? தம்பி கேட்டது தினமும் வேலைக்குப் போக. விட்ஸ் குடிக்கிற அளவுதானே, திங்களென்ன ஞாயிறென்ன?

ரோட்டரி ராசா
95 ஒக்ரேன் பெற்றோல் அடிப்பது யார் காசில்?

விட்ஸ் அக்கா
1300 காருக்கு 95 எதற்கு ராசா? நான் 92தான் அடிக்கிறேன். நானும் வரட்டுமா, எண்ணெய் மிஞ்சினால் இரண்டு பேரையும் கட்டி இழுத்து வரலாம்.

ரோட்டரி ராசா
இந்தக் கிழமை வர முடியாது. கார் கராஜில்.

வெள்ளவத்தை அல்டேசா
என்ன வேலை?

ரோட்டரி ராசா
அதற்கும் கொள்ளளவுக்கும் சம்பந்தமில்லை.

கணக்கு வாத்தி
3924.

புதுக்கார்த் தம்பி
சனிக்கிழமை தெஹிவளையில் ஒரு அல்டேசா பார்க்கப் போகிறேன். கூட வந்து பார்த்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா? வெள்ளை நிறம், ஒருகை மட்டும் பாவித்ததாம்.

வெள்ளவத்தை அல்டேசா
நான் வருகிறேன். முதலில் பின்லைட் யாரிடம் வாங்கியது என்று கேளுங்கள்.

ரோட்டரி ராசா
மறுபடி தொடங்கிவிட்டார்.